மச்சுக் கட்டடமும் மஞ்சப்பையும்

வா கண்ணு, இக்கட்டால வந்து உக்காரு. அக்கட்டால ஒரு கயிறு அந்து தொங்குது. பேங்கு ஆபீசராப் போற புள்ள, சேர்றதுக்கு முந்தியே அப்பச்சி கட்டல்ல இருந்து பொத்துன்னு உழுந்தான்னு பேராகிப்போகும்.

ஆர்டர் வந்த சேதிய உங்கம்மா போன்ல சொன்னதும் உங்கம்மாயி மாரியம்மன் கோயிலுக்கு நடையக் கட்டிட்டா. நான் இருந்த எடத்துல இருந்தே "செரி, நல்லது"ன்னுட்டேன்னு உனக்கு மனத்தாங்கல். அட, எனக்கும் சந்தோசந்தான் சாமி. அதையும் உட எனக்குச் சந்தோசம், நீ சனிக்கெழமை டவுனுக்குப் போயி எடுத்த அந்த போட்டோ. பழைய பேங்குக் கட்டடத்துத் தூணைக் கட்டிப்புடிச்சு நின்னுக்கிட்டு, கீழ எழுதியிருக்கற: நூறு வருசத்துக் கருங்கல் தூணு, சுவத்துல முன்னோர் வெச்ச காத்துத் தொளை, அசைக்க முடியாத இரும்புக் கதவு. மூணு சங்கதியில ரெண்டு தப்பு. மூணாவது செரிதான். ஆனா ஏன் அசைக்க முடியலைன்னு உனக்குத் தெரியாது. எப்படித்தான் பரிச்சை பாசானியோ.

மொதல்ல தூணு. அது கருங்கல்லு இல்ல கண்ணு. உள்ளாற சூளைச் செங்கல்லு, மேல சுண்ணாம்புக் காரை. சுண்ணாம்பை வாரக்கணக்குல ஊறப்போட்டு, அரைச்சு, கடுக்காயும் பனவெல்லமும் ஊறுன தண்ணி ஊத்திக் கொழைச்சுப் பூசுவாங்க. ஈரம் காயறதுக்குள்ள கொத்தன் கரண்டி முனையில கோடு கிழிச்சுருவான். தூரத்துல இருந்து பாத்தா கல்லு மேல கல்லு அடுக்குனாப்புல இருக்கும். கூழாங்கல்லால தேச்சுட்டான்னா மொகம் பாத்துக்கலாம். அந்தப் பேங்குல எழுதுன மொத பொய்க்கணக்கை அந்தத் தூணுலதான் எழுதுனாங்க. நம்பலைன்னா நெகத்தால சுரண்டிப் பாரு, ஆத்து மணலு உதுரும். இப்ப அங்க ரெடிமேடு கடை வெச்சிருக்கறவன் பாக்காதப்பச் சுரண்டு.

முன்னால நின்னு போட்டோ எடுத்தியே, பின்னால போயிப் பாத்தியா? முன்னால மச்சு, நாலு தூணு, உச்சியில ரெண்டு யானைக்கு நடுவால லட்சுமி. ஒரு யானைக்குத் துதிக்கை ஒடைஞ்சு கம்பி நீட்டிக்கிட்டு நிக்கும். அதைத் தாண்டுனா நாட்டோட்டுக் கூரைதான். பேங்கு வர்றதுக்கு முந்தி அது பருத்தி மண்டி. மண்டிக்கு ஒரு மொகத்தைக் கட்டி ஒட்டி வெச்சுட்டாங்க. பொண்ணு பாக்க ஆளு வர்ற அன்னிக்கு முன் ஆசாரத்துக்கு மட்டும் வெள்ளையடிக்கற கதைதான்.

இதுக்கு நம்ம ஊர்க்காரங்களை மட்டும் வைய முடியாது. ரோசனை மெட்ராசுல இருந்து வந்தது. ஒருக்கா கேசு விசயமா ஐகோர்ட்டுக்குப் போனப்போ, கடற்கரை ரோட்டுல ஸ்டேட் பேங்குக் கட்டடத்தைப் பாத்துட்டு, கோயிலோ அரமனையோன்னு செருப்பைக் கழட்டிட்டேன். காவல்காரன் சிரிச்சான். செவப்புச் செங்கல்லும் வளைவுமா அப்படியொரு வேலைப்பாடு. 1897-ல கட்டுனது. வரைஞ்சு முடிச்சது ஹென்றி இர்வின்ங்கற துரை, கட்டிக் குடுத்தது நம்பெருமாள் செட்டியாரு. அப்ப அது பேங்க் ஆப் மெட்ராஸ். 1921-ல இம்பீரியல் பேங்குன்னு ஆச்சு. 1955-ல ஸ்டேட் பேங்கு. கட்டடம் நின்ன எடத்துலயே நிக்க, பலகை மட்டும் மாறிக்கிட்டே இருந்துது. அதைப் பாத்துட்டு வந்த சின்ன ஊரு மொதலாளிக அவங்கவங்க தகுதிக்கு நாலு தூணு, ஒரு லட்சுமின்னு வெச்சுக்கிட்டாங்க.

காசு வாங்கி வெக்கறவனுக்கு எதுக்கு இத்தன ஜோடனைன்னு கேளு. கேக்க மாட்ட, நீ படிச்ச புள்ள. நானே சொல்றேன். எங்காத்தா காசை ராகிக் குதிருக்குள்ள போட்டு வெச்சிருந்தா. எலி வேணா கடிக்கும். குதிரு கதவைச் சாத்திக்கிட்டு ஓடாது. அந்தக் குதிருல இருந்து காசை வெளிய வரவெக்கோணும்னா, குதிரைக் காட்டியும் பெருசா ஒண்ணைக் காட்டியாகோணுமில்ல?

ஓடற சங்கதி சும்மா சொல்லல. மெட்ராசுல ஆர்பத்நாட்டுன்னு ஒரு வெள்ளக்காரக் கம்பெனி இருந்துது. பென்சன் வாங்குனவங்க, தாலியறுத்தவங்க, வக்கீலு, ஜட்ஜுன்னு அல்லாரும் அதுல காசு போட்டிருந்தாங்க. வெள்ளக்காரன் பொய் சொல்ல மாட்டான்னு ஒரு நெனைப்பு. 1906 அக்டோபர் 22-ந் தேதி கதவைச் சாத்திட்டான். கன்னம் வெச்சு ஒருத்தனும் திருடல, சுவத்துல ஒரு தொளை கெடையாது. அத்தனையும் மேசை வழியா, மை தொட்டு எழுதுன கணக்கு வழியாப் போயிருந்துது. சர் ஜார்ஜ் ஆர்பத்நாட்டுக்கு 18 மாசம் கடுங்காவல் குடுத்தாங்க. சர்ப் பட்டத்தோட செயிலு. அந்தக் கூத்துக்கப்புறந்தான் வி. கிருஷ்ணசாமி ஐயரு மாதிரி ஆளுக சேந்து, நம்ம காசை நம்மளே பாத்துக்குவோம்னு இந்தியன் பேங்கை ஆரம்பிச்சாங்க. 1907 ஆகஸ்ட் 15. சொதந்தரத்துக்கு நாப்பது வருசம் முந்தி, அதே தேதி. தூணு கீணு ஒண்ணும் கட்டிக்கல, பாரி கம்பெனிக் கட்டடத்துல ஒண்டிக்கிட்டாங்க.

அதுக்கும் முந்தியே கும்பகோணத்துக்காரங்க முழிச்சுக்கிட்டாங்க. 1904-லயே கும்பகோணம் பேங்குன்னு ஒண்ணு. இப்ப சிட்டி யூனியன் பேங்குன்னு போர்டு போட்டிருக்கறாங்களே, அதுதான். அவங்க மொத கிளைய எப்பத் தொறந்தாங்க தெரியுமா? 1930-ல, மன்னார்குடியில. இருவத்தாறு வருசம் ஒரே ஊருல உக்காந்து, பக்கத்து ஊருக்குப் போலாமா வேண்டாமான்னு ரோசனை பண்ணிருக்கறாங்க. வெத்தலை போட்டுக்கிட்டே ரோசிச்சிருப்பாங்க. உன்ற காலத்துல காலையில கிளை தொறந்து, மத்தியானம் டார்கெட்டு கேக்கறாங்க.

நம்ம கரூருல 1916-ல வெங்கடராம செட்டியாரும் ஆதி கிருஷ்ண செட்டியாரும் வைஸ்யா பேங்கை ஆரம்பிச்சாங்க, ஒரு லட்ச ரூவா மொதல்ல. பத்து வருசங் கழிச்சு 1926-ல, அதே ஊருல, ராமலிங்க செட்டியாரும் இன்னும் ஆறு பேரும் சேந்து லட்சுமி விலாஸ் பேங்கு. அமராவதிக்கரையில ரெண்டு பேங்கு. ரெண்டும் நம்ம மஞ்சப்பையைத்தான் பாத்துக்கிட்டு இருந்துது. தூத்துக்குடியில 1921 நவம்பர் 11-ல நாடார் பேங்கு, தெற்கு ராஜா தெருவுல ஆனா மாவன்னா கட்டடத்துல. பேரைப் பாரு. மொதலாளியோட முன்னெழுத்தே கட்டடத்துக்குப் பேராயிப்போச்சு. வட்டி என்ன, மூலதனம் என்னன்னு ஒருத்தனும் கேட்டிருக்க மாட்டான். ஆனா மாவன்னா எடங் குடுத்திருக்கறாரா, அது போதும். அந்தப் பேங்கு 1937-ல கடலைத் தாண்டிக் கொழும்புலயே ஒரு கிளை வெச்சுது. 1962-ல தமிழ்நாடு மெர்க்கண்டைல்னு பேரை மாத்திக்கிட்டாங்க. செட்டிநாட்டுக்காரங்க ஒரு படி மேல. அதே 1937-ல பிப்ரவரி 10-ந் தேதி ஓவர்சீஸ் பேங்கைக் காரைக்குடி, மெட்ராஸ், ரங்கூன்னு மூணு ஊருல ஒரே நாள்ல தொறந்தாங்க. நம்மாளுக்கு ஒரே நாள்ல மூணு ஒறம்பரை ஊட்டு விசேசத்துக்குப் போறதுக்கே மூச்சு வாங்கும்.

இப்ப எங்கய்யன் கதைக்கு வாரேன். நல்லாக் கேட்டுக்க, இது உன்ற பரிச்சைப் பொஸ்தகத்துல வராது.

1938-ல திருவிதாங்கூர் நேஷனல் அண்டு குயிலான் பேங்கு படுத்துருச்சு. மலையாளத்துல படுத்தா நமக்கென்னன்னு இருக்க முடியுமா? அங்க தும்மினா இங்க சளி. அடுத்த சந்தைக்குள்ள நம்ம டவுன் பேங்கும் (பேரு வேண்டாம், அது இப்ப இல்ல) போகப்போகுதுன்னு பேச்சு. எங்கய்யன் 300 ரூவா போட்டு வெச்சிருந்தாரு. ரெண்டு சோடி மாட்டுக்கு மேல வாங்கலாம் அந்தக் காசுல. கோழி கூப்புட எந்திரிச்சு ஓடுனா, நீ கட்டிப்புடிச்ச தூணுல இருந்து தேர்முட்டி வரைக்கும் வரிசை.

பேங்கு மொதலாளி வெளிய வந்தாரு. கையெடுத்துக் கும்புட்டாரு. "அல்லாருக்கும் குடுத்துருவோம், யாரும் பட்டினி கெடக்காதீங்க"ன்னு சொல்லி, வேப்பமரத்தடியில பெஞ்சி போட்டு, அண்டா அண்டாவா மோரு கரைச்சு வெச்சுட்டாரு. கருவேப்பலை, இஞ்சி, பெருங்காயம், ஒண்ணு குறையல. மோரு குடிச்சவனுக்கு வைய வாய் வராது பாரு. அதுதான் அவரோட மொத சூச்சுமம். ரெண்டாவது, கேசியரு ஓரணாக் காசாக் குடுத்தாரு. ஓரம் வளைஞ்சு வளைஞ்சு இருக்குமே, அந்தக் காசு. ஒண்ணொண்ணா எண்ணுவாரு. நூறு எண்ணறதுக்குள்ள யாராச்சும் இருமுனா, "தப்பிருச்சுங்க"ன்னு மறுக்கா மொதல்ல இருந்து. பொழுது சாயறதுக்குள்ள முப்பது பேருக்குத்தான் பட்டுவாடா ஆச்சு.

எங்கய்யன் கைக்கு 4,800 ஓரணாக் காசு வந்துது. ஒன்றரை மணங்குக்கு மேல கனம். மேல்துண்டுல மூட்டை கட்டித் தோள்ல போட்டுக்கிட்டு நடந்தாரு. இட்டேரி திரும்பற எடத்துல முடிச்சு அவுந்துக்கிச்சு. புழுதியில காசு. மாடு மேய்க்கற பசங்க அல்லாரும் ஒத்தாசைக்கு ஓடி வந்தானுக. அவனுக ஒத்தாசை எப்படியிருக்கும்னு உனக்குத் தெரியாதா? இருட்டற வரைக்கும் குத்தவெச்சு எண்ணுனாரு. 4,789. ராத்திரி பூரா மூட்டை மேல தலை வெச்சுப் படுத்திருந்து, கழுத்து சுளுக்கிக்கிட்டு, காலையில மொத ஆளாப் போயி அதே பேங்குலயே கட்டிட்டாரு.

மொதலாளி மூட்டையப் பாத்தாரு, எங்கய்யன் கழுத்தைப் பாத்தாரு. கேசியரைக் கூப்புட்டு, "பதினோரு அணாவை என்ற பத்துல எழுதிக்க, கவுண்டருக்கு முழுசா 300 ரூவா வரவு வெய்யி"ன்னாரு.

அவ்வளவுதான். அந்தப் பதினோரு அணாவுக்கு எங்கய்யன் ஆயுசு பூரா அந்தப் பேங்குக்கு அடிமை. ஆராச்சும் அதைப் பத்திக் கொறை சொன்னா சண்டைக்கே போயிருவாரு. அவரு காலமானதுக்கப்புறம் ஒரு வக்கீல் எங்கிட்டச் சொன்னாரு: ஓரணாக் காசை ஒரு ரூவா வரைக்கும் வாங்குனாப் போதும், அதுக்கு மேல வேண்டாம்னு சொல்ல 1906-ம் வருசத்துக் காசுச் சட்டத்துலயே எடமிருந்துதாம். மோரு குடிச்சவங்க ஒருத்தருக்கும் அந்தச் சட்டம் தெரியல. தெரிஞ்சவரு மோரு கரைச்சுக்கிட்டு இருந்தாரு.

சிரி, சிரி. நீயும் ஒரு நாளைக்குக் கரைப்ப.

ரெண்டாவது, உன்ற காத்துத் தொளை. முன்னோர் விஞ்ஞானம்னு எழுதி, அதுக்கு இருநூறு பேரு லைக்கு வேற போட்டிருக்கறாங்க. அந்த முன்னோர்ல ஒருத்தன் உன்ற முன்னால கட்டல்ல உக்காந்திருக்கறேன்.

இரும்புக் கதவுக்கு ரெண்டு சாவின்னு உனக்குச் சொல்லிக் குடுத்திருப்பாங்க. மேனேசர் கையில ஒண்ணு, கேசியர் கையில ஒண்ணு. ரெண்டும் சேந்தாத்தான் கதவு தொறக்கும். ஒருத்தன் திருடனானாலும் இன்னொருத்தன் இருப்பான்னு வெச்ச ஏற்பாடு. ரெண்டு பேரும் பேசிக்கலைன்னா என்ன ஆகும்னு அந்த ஏற்பாட்டுல ஒண்ணும் சொல்லல.

எனக்கு இருவது வயசு. டவுன் பேங்குல அப்ப மேனேசரு தஞ்சாவூருப் பக்கத்து ஆளு, கேசியரு உள்ளூரு. இருந்தது ஒரே ஒரு மேசை பேன். அது கேசியர் கூண்டுக்குள்ள இருந்துது. சித்திரை மாசம், மேனேசரு அதைத் தூக்கித் தன்ற ரூமுல வெச்சுக்கிட்டாரு. கம்பிக் கூண்டுக்குள்ள பனியனோட வேர்த்து ஒழுகிக்கிட்டு உக்காந்திருந்த கேசியரு வாயத் தொறக்கல. ஆனா சுவத்துக் கடியாரத்துக்குச் சாவி குடுக்கற வேலை அவருது. மறுநாள்ல இருந்து கடியாரம் இருவது நிமிசம் மெதுவா ஓடுச்சு. அடுத்த வாரம் அரைமணி நேரம். கடியாரத்துல பத்து அடிச்சாத்தான் கேசியரு தன்ற சாவிய உள்ள உடுவாரு. "ரூல்படி பத்து மணிங்க சார்." மேனேசரு கையைக் கையைப் பெசைஞ்சுக்கிட்டு நிப்பாரு. சந்தைக்கு மாடு புடிக்க வந்தவனெல்லாம் பணம் எடுக்க முடியாமத் தூணுல சாஞ்சுக்கிட்டு நின்னான். இரும்புக் கதவு ஒரு மேசை பேனுக்குக் கட்டுப்பட்டு நின்னுது.

கடைசியில எங்க மாட்டுத் தரகரு ஒருத்தரு பஞ்சாயத்துக்கு வந்தாரு. எல்லைத் தகராறு தீத்து வெச்ச ஆளு. ரெண்டு ரூமுக்கும் நடுவால இருக்கற சுவத்தைத் தட்டிப் பாத்தாரு. கொத்தனைக் கூட்டியாரச் சொன்னாரு. சதுரமா ஒரு தொளை போட்டு, பேனைத் தொளையில உக்கார வெச்சாரு. முன்னாலயும் பின்னாலயும் மொகத்தைத் திருப்பிக்கலாம், முற்பகல் கேசியருக்கு, பிற்பகல் மேனேசருக்கு. செங்கல்லை எடுத்துப் போடற சித்தாளு அன்னிக்கு வரல, அதனால நானே செங்கல்லு தூக்கிப் போட்டேன். நீ போட்டோ எடுத்த தொளை அதுதான் கண்ணு. இருநூறு பேருக்கும் என்ற பேரைச் சொல்லு.

நான் உனக்குச் சொல்ற புத்தி இதுதான்: போற ஊருல கேசியரோட பேனை எடுக்காத. இப்ப ஏசி, தெரியும். அப்ப ஏசி ரிமோட்டை எடுக்காத.

பேன் தகராறெல்லாம் தீந்து, காலம் மாறிப்போச்சு. 1960-ல பாலாய் சென்ட்ரல் பேங்கு சாஞ்சுது. அதுக்கப்புறம் ரிசர்வ் பேங்குக்கு அதிகாரம் வந்துருச்சு, நோஞ்சான் பேங்கைப் புடிச்சுப் பெரிய பேங்குக்குக் கட்டி வெக்கலாம்னு. மாப்பிள்ளைக்குப் புடிச்சிருக்கான்னெல்லாம் கேக்க மாட்டாங்க. 1951-ல நாடு பூரா 566 பேங்கு இருந்துது, 1969-ல 89. மீதியெல்லாம் மூடுனது, முழுங்குனது. முழுங்கறப்ப அழுவறவங்களுக்குன்னு 1962 ஜனவரியில இருந்து இன்சூரன்ஸ் வந்துது. பேங்கு போனா 1,500 ரூவா வரைக்கும் கெடைக்கும். இப்ப அது அஞ்சு லட்சம். 1,500 ரூவா இன்சூரன்ஸ் வந்த அன்னிக்கே தூணுக்கு வேலை போயிருச்சுன்னு நான் நெனைக்கறேன். கெட்டியான சுவத்தைக் காட்டி நம்ப வெக்க வேண்டியதில்ல, ஒரு காயிதம் போதும்.

1969 ஜூலையில இந்திரா காந்தி பதினாலு பேங்கைச் சர்க்காருக்கு எடுத்துக்கிட்டாங்க. 50 கோடிக்கு மேல டெபாசிட் இருக்கறதை மட்டும். கரூர், கும்பகோணம், தூத்துக்குடியெல்லாம் அந்த அளவுக்கு வளரல, அதனால தலை தப்புச்சு. குட்டையாப் பொறந்ததுலயும் ஒரு நல்லது. சர்க்கார் பேங்கு ஊரூரா எறங்குச்சு. 1969-ல எட்டாயிரத்துச் சொச்சமா இருந்த கிளை, 1990-ல கிட்டத்தட்ட அறுபதாயிரம். அத்தனைக்கும் தூணு கட்ட முடியுமா? வாடகைக்குப் புடிச்சாங்க.

நம்ம ஊருக்கு வந்தப்ப எடங் குடுத்தது பெரிய பண்ணாடி. அவரு குடுத்தது எருமைக் கட்டுத்தரை. சிரிக்காத, நெசம். அந்தக் கட்டுத்தரைய இடிச்சுக் கட்ட அதே பேங்குல கடன் வாங்குனாரு, கடனுக்குத் தவணையா அதே பேங்கு குடுக்கற வாடகையக் கழிச்சுக்கிட்டாங்க. பேங்கு தனக்குத் தானே கடன் குடுத்துத் தனக்குத் தானே கட்டிக்கிச்சு, நடுவால பண்ணாடிக்கு ஒரு மச்சுக் கட்டடம் மிச்சம். இதைப் பெரிய சாமர்த்தியம்னு அவரு பேசிக்கிட்டுத் திரிஞ்சாரு. ஆனா எருமைக்கு யாரும் சொல்லல. பொழுதோட மேஞ்சுட்டு வந்து நேரா படியேறி, கவுண்டருக்கு முன்னால நின்னு, அசை போடும். மொத மூணு மாசம் தினமும். வாச்மேன் ரெட்டைக்கொழல் துப்பாக்கிய வெச்சுக்கிட்டு எருமைகிட்டக் கெஞ்சுவான். மழை பேஞ்சா நோட்டுல சாணி வாசம் வரும். மேனேசரு ஊதுபத்தி கொளுத்தி வெப்பாரு.

ஆனா ஒண்ணு சொல்லோணும் கண்ணு, பகடியில்ல. அந்தக் கட்டுத்தரை பேங்குலதான் உங்கம்மாயி மொதல்ல கையெழுத்துப் போட்டா. அதுக்கு முந்தி டவுன் பேங்குத் தூணைத் தாண்டி உள்ள வரமாட்டேன்னு வாசல்லயே நிப்பா. அந்தத் தூணு பாதிப் பேரை நம்ப வெச்சுது, மீதிப் பேரைப் படியேற உடல. எருமை போற எடத்துக்கு நாம போறதுக்கென்னன்னு அன்னிக்கு ஏறிட்டா.

உன்ற கவுண்டர்லயும் அப்படி ஆளு வரும். மடியில இருந்து துணி முடிச்சை அவுத்து, காப்போ அட்டியலோ எடுத்து வெப்பாங்க. ஆசாரி உரைகல்லுல தேச்சு, ஒரு சொட்டு திராவகம் உட்டு, கோடு நெறம் மாறுதான்னு பாப்பாரு. நீ கல்லைப் பாக்காத, அது அவரு வேலை. அந்தம்மா கண்ணைப் பாரு. கோடு மேல கண்ணு வெச்சிருந்தா, பொன்னு நல்லதான்னு அவங்களுக்கே சந்தேகம். வாசப் பக்கம் பாத்துக்கிட்டு இருந்தா, ஊட்டுல சொல்லாமக் கொண்டாந்திருக்கறாங்க. எதையும் பாக்காமச் சும்மா நின்னா அது மாமியா நகை, மீட்டுற எண்ணமே இல்ல. நகைக்கடன் கேட்டு வந்தவங்களுக்கு இன்சூரன்ஸ் பாலிசியத் தலையில கட்டாத. மேல இருந்து கட்டச் சொல்லுவாங்க. "நெட் இல்லைங்க சார்"னு சொல்லு. சர்க்கார் குடுத்த ஒரே ஒளிவிடம் அது.

நீ என்ன சொல்லுவேன்னு தெரியும். "அப்பச்சி, இப்ப பேங்கே போனுக்குள்ள இருக்குது, கட்டடம் யாருக்கு வேணும்?" செரி. 2020 நவம்பர் 17 சாயங்காலம் நம்ம கரூர் லட்சுமி விலாஸ் பேங்குல 25,000 ரூவாய்க்கு மேல எடுக்க முடியாதுன்னு சேதி வந்துது. பத்தே நாளு. 27-ந் தேதி அது சிங்கப்பூர் டி.பி.எஸ். பேங்கோட சேந்துருச்சு. 94 வருசத்துப் பேங்கு. டெபாசிட் போட்டவங்களுக்கு ஒரு காசு போகல, ஷேரு வெச்சிருந்தவங்களுக்கு ஒரு காசு மிஞ்சல. அந்தப் பத்து நாளும் நம்ம பக்கத்துத் தோட்டத்துக்காரரு ராத்திரி பகலா போனைத் தேச்சுக்கிட்டே இருந்தாரு. எங்க போயி நிக்கறதுன்னு அவருக்குத் தெரியல. வேப்பமரம் இல்ல, பெஞ்சி இல்ல, மோரு இல்ல. நானே ஒரு சொம்பு கரைச்சு எடுத்துட்டுப் போயிக் குடுத்தேன். குடிச்சுட்டு, சிங்கப்பூருக்கு எந்த பஸ்சுன்னு கேட்டாரு.

அதே ஊருல பத்து வருசம் மூத்த அண்ணன் பேங்கு நிக்குது. அது ஏன் நிக்குது, இது ஏன் போச்சுன்னு நீ உள்ள போயித் தெரிஞ்சுக்கிட்டு வந்து எனக்குச் சொல்லு. செவுத்துனால இல்லைங்கறது மட்டும் எனக்குத் தெரியும்.

மூணாவது மறந்துட்டேன்னு பாக்கறியா? இரும்புக் கதவு. மெட்ராசுல இருந்து ரயில்ல வந்து, மாட்டு வண்டியில ஏத்தியாந்தாங்க. வந்து பாத்தா வாசலைக் காட்டியும் கதவு பெருசு. அளவு எடுத்தவன் கதவுக்கு எடுத்தான், வாசலுக்கு எடுக்கல. முன் சுவத்தை இடிச்சு, கதவை உள்ள கொண்டு போயி, ரெண்டடி சுவத்தை அதைச் சுத்திக் கட்டி, அப்புறம் முன் சுவத்தை மறுக்கா எழுப்பிப் பூசிட்டாங்க. அப்பத்தான், ஆனது ஆச்சுன்னு நாலு தூணும் வெச்சாங்கன்னு எங்கய்யன் சொல்லுவாரு. அதனாலதான் அசைக்க முடியல. ரெடிமேடு கடைக்காரன் இரும்பு விலைக்குப் போடலாம்னு ஆளு கூட்டியாந்தான். கட்டடத்தை இடிக்காம கதவு வராது, கதவை எடுக்காம இடிக்க முடியாதுன்னுட்டுப் போயிட்டாங்க. இப்ப அந்த ரூமுல கண்ணாடி மாட்டி, துணி போட்டுப் பாக்கற எடமா வெச்சிருக்கறான். தீவாளிக்கு உங்க மாமன் உள்ள போயி ஜீன்ஸ் மாட்டிக்கிட்டு, கதவு சாத்திக்குமோன்னு பயந்து பாதி மாட்டுனதோட வெளிய ஓடி வந்தான். பட்டனைப் போடச் சொல்லி நானே மறைச்சுக்கிட்டு நின்னேன்.

செரி, அந்தப் பொட்டியைத் தொற. அட்டாலி மேல இல்ல, கட்டலுக்கடியில. வெத்தலைப் பொட்டிக்குள்ள ஒரு பித்தளை வில்லை இருக்கும். தேச்சுப் பாரு, 41.

நம்ம டவுன் பேங்கை முழுங்குன அன்னிக்கு நான் உள்ளதான் இருந்தேன். 60 ரூவா எடுக்கோணும்னு சீட்டுக் குடுத்துட்டு, இந்த டோக்கனை வாங்கிக்கிட்டு பெஞ்சில உக்காந்திருந்தேன். கேசியரு, பேன் தகராறு கேசியருதான், முப்பத்தொம்பது கூப்புட்டாரு, நாப்பது கூப்புட்டாரு. அதுக்குள்ள தந்தி வந்துருச்சு, பட்டுவாடாவ நிறுத்தச் சொல்லி. அவரு என்ற மொகத்தைப் பாத்தாரு. ஒண்ணும் சொல்லாம எந்திரிச்சுப் போயி, ஓடிக்கிட்டிருந்த கடியாரத்தை நிறுத்திட்டாரு. மாசங்கழிச்சுப் பெரிய பேங்குல என்ற 60 ரூவா வட்டியோட வந்துருச்சு, பாக்கியில்ல. ஆனா டோக்கனை யாரும் திருப்பிக் கேக்கல, நானும் குடுக்கல.

எடுத்துக்க. கைப்பைக்குள்ள போட்டுக்க. போற ஊருல எந்தக் கவுண்டர்லயாச்சும் நாப்பத்தொண்ணுன்னு கூப்புட்டாங்கன்னா, எனக்கு ஒரு போன் போடு. மஞ்சப்பைய எடுத்துக்கிட்டு வந்தர்றேன்.